உங்களுக்குத் தெரியுமா? செசபீக் கழிமுகத்துப் பெரிய பெர்ச்

● ஒயிட் பெர்ச் என்று பெயர் இருந்தாலும், இந்த மீன் பெர்ச் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையின் தூண்டில்காரர்கள் உயிராய் நேசிக்கும் ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்குத்தான் இது நெருங்கிய உறவு. இரண்டுமே மோரோன் என்ற பேரினத்தில் வருகின்றன. ஸ்ட்ரைப்ட் பாஸின் விலாவில் கறுப்புக் கோடுகள் வரிசையாக ஓடும். வளர்ந்த ஒயிட் பெர்ச்சின் உடம்பில் கோடே இருக்காது, வெள்ளியும் சாம்பலும்தான். அண்ணன் ஐம்பது பவுண்டைத் தொடுவான். தம்பி ஒரு பவுண்டைத் தாண்டினாலே படகுத்துறையில் நாலு பேர் கூடிவிடுவார்கள்.

● கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து தெற்கே தென் கரோலினா வரை இதன் சொந்த ஊர். ஹட்சன் ஆறும் செசபீக் விரிகுடாவும் இது மண்டிக் கிடக்கும் இடங்கள்.

● செசபீக் விரிகுடா உண்மையில் மூழ்கிப்போன ஓர் ஆறு. கடைசிப் பனியூழி முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது சஸ்குவஹானா ஆற்றின் பள்ளத்தாக்கில் கடல் புகுந்தது. இன்று ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் பரந்து கிடந்தாலும் சராசரி ஆழம் 21 அடிதான். ஆனால் பழைய ஆறு ஓடிய தடம் அப்படியே நடுவில் ஆழமான பள்ளமாக நீள்கிறது. பெரிய பெர்ச்சைத் தேடுகிறவர் முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டிய படம் இது: இரு பக்கமும் ஆழமில்லாத திட்டு, நடுவில் பள்ளம், இரண்டும் சேரும் சரிவு.

● நம் ஊர்க் கழிமுகங்களின் கொடுவா மீன் ஆற்றில் வளர்ந்து, முட்டையிட உவர்நீருக்கு இறங்கி வரும். ஒயிட் பெர்ச் நேர் எதிர். ஆண்டின் பெரும்பகுதியை உப்பும் நன்னீரும் கலந்த இடைநீரில் கழித்துவிட்டு, முட்டையிட நன்னீர் தேடி ஆற்றில் ஏறும்.

● எட்டு அங்குல ஒயிட் பெர்ச்சை யாரும் பிடிக்கலாம். பத்து அங்குலம் நல்ல மீன். பன்னிரண்டு என்றால் அந்த நாள் மறக்காது. மேரிலாந்து மாநிலம் தூண்டில்காரர்களுக்கு வழங்கும் பாராட்டுச் சான்றிதழுக்கு இந்த மீன் 13 அங்குலம் இருக்க வேண்டும். எட்டுக்கும் பதின்மூன்றுக்கும் ஐந்து அங்குலம்தானே என்று தோன்றும். அந்த ஐந்து அங்குலத்துக்குள் பல ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன. இது மெதுவாக வளரும் மீன். அதிகபட்சம் 17 ஆண்டுகள் வரை வாழ்ந்ததாகப் பதிவு உண்டு. ஆண் இரண்டு வயதிலும் பெண் மூன்று வயதிலும் இனப்பெருக்கப் பருவத்தை அடைந்துவிடும். ஆகவே கையில் பிடித்திருக்கும் பன்னிரண்டு அங்குல மீன் பல வசந்தங்கள் ஆறேறி இறங்கிய ஒன்று. அது பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும், ஏனென்றால் இந்த இனத்தில் பெண்களே பெரிதாக வளர்கின்றன.

● பெரிய மீனை எட்ட நின்றே அடையாளம் காணலாம். தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பியிருக்கும். முதுகு கறுத்திருக்கும். தாடையிலும் தலையிலும் நீலச் சாயல் ஓடும். முதுகுத் துடுப்பை விறைத்து நிமிர்த்திக்கொள்ளும் பழக்கத்தால் செசபீக் கரையில் இதற்கு "ஸ்டிஃப்பேக்", அதாவது விறைத்த முதுகு, என்று செல்லப்பெயர். துடுப்பு முள்ளும் செவுள் மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும், விஷம் இல்லை. தலைப்பக்கமிருந்து கையை வழித்துக்கொண்டு வந்து துடுப்பை மடக்கிப் பிடிப்பதுதான் வழி.

● 1608-இல் கேப்டன் ஜான் ஸ்மித் செசபீக்கைச் சுற்றி வந்தபோது மீன்கள் நீருக்கு மேல் தலை தூக்கும் அளவுக்குக் கூட்டமாக நின்றன. வலை இல்லாததால் அவருடைய ஆட்கள் வாணலியால் அள்ளிப் பார்த்தார்கள். மீன் பிடிக்க வாணலி உதவாது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். அதே பயணத்தில் வாளால் மீனைக் குத்தியபோது திருக்கை ஒன்று அவர் கையில் கொட்டிவிட்டது. அந்த இடத்துக்கு இன்றும் "ஸ்டிங்ரே பாயின்ட்", திருக்கை முனை, என்றுதான் பெயர்.

● சின்ன பெர்ச்சும் பெரிய பெர்ச்சும் ஒரே கூட்டத்தில் நீந்துவது அரிது. ஏறத்தாழ ஒரே அளவுள்ளவை சேர்ந்து திரியும். அதனால் ஓரிடத்தில் வரிசையாக ஆறு அங்குல மீன்களே ஏறினால், "அடுத்தது பெரிதாக இருக்கும்" என்று அங்கேயே காத்திருப்பதில் பயனில்லை. நங்கூரத்தைத் தூக்கிவிட வேண்டும். எல்லா நேரமும் வேறு துறைக்குப் போக வேண்டியதில்லை. அதே திட்டின் ஆழமான விளிம்புக்கு நகர்ந்தாலே போதும். பெரியவை எங்கே என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் கேட்டால் நான் சொல்வது இதுதான்: கெட்டியான அடித்தரை, ஓடும் நீர், போதுமான பிராணவாயு. மூன்றும் கூடும் இடத்தில் அவை நிற்கும். ஒன்று குறைந்தாலும் சின்னவை மட்டுமே மிஞ்சும்.

● கெட்டியான அடித்தரை என்றால் செசபீக்கில் முதலில் சிப்பிப் படுகை. சேற்றுத் தரையில் ஒளிய இடமும் கிடையாது, இரையும் குறைவு. சிப்பி ஓடுகள் குவிந்த இடத்தில் இறால், புழு, நண்டு, குட்டி மீன் எல்லாம் ஓட்டிடுக்கில் குடியிருக்கும். பெர்ச் அவற்றின் மேல் மேயும். ஈயக்குண்டை அடியில் இழுத்துப் பார்த்தாலே தரை எது என்று கை சொல்லிவிடும்: சேற்றில் வழுக்கிக்கொண்டு வரும், சிப்பியில் "கட கட" என்று தட்டும். அந்தத் தட்டல் கேட்ட இடம்தான் இடம். பாலத்தூண், மரத்தூண் துறை, கரை அரிக்காமல் கொட்டிய கருங்கல், மூழ்கிய மரம் ஆகியவையும் இதே கணக்கில் சேரும்.

இங்கே ஒரு வேதனையையும் சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிய அறுவடை, நோய், கரையிலிருந்து அடித்துவரும் வண்டல் எல்லாம் சேர்ந்து செசபீக்கின் சிப்பிகளை அழித்து, பழைய வளத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காக்கிவிட்டன. ஒவ்வொரு படுகை புதையும்போதும் பெர்ச்சின் மேய்ச்சல் நிலம் ஒன்று போகிறது. மேரிலாந்தின் ஹாரிஸ் க்ரீக்கில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் சிப்பிப் படுகையை மீண்டும் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். பெர்ச் பிடிக்கிற ஒவ்வொருவருக்கும் அது சொந்த விஷயம்.

● கோடையில் செசபீக்கின் ஆழத்தில் மீன் மூச்சுவிட முடியாது! வயல் உரமும் நகரக் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதைத் தின்று பாசி பெருகுகிறது. செத்து அடியில் மக்குகிறது. மக்கும்போது அங்கிருக்கும் பிராணவாயுவைத் தின்றுவிடுகிறது. மேலே மிதக்கும் வெதுவெதுப்பான இலேசான நீரும் கீழே கிடக்கும் உப்பான கனத்த நீரும் கலப்பதில்லை என்பதால் இழந்த காற்று திரும்பக் கீழே சேர்வதுமில்லை.

தூண்டில்காரருக்கு இதில் முக்கியமான பாடம் இருக்கிறது. "பெரிய மீன் ஆழத்தில்" என்ற பொது விதி ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பொய்த்துவிடும். அப்போது பெரிய பெர்ச் பள்ளத்தில் இருக்காது. சரிவின் மேல் விளிம்பில், பத்து முதல் இருபது அடி ஆழத்துச் சிப்பித் திட்டுகளில், விடியலிலும் அந்தியிலும் அதைவிடக் குறைந்த ஆழத்துத் துறைகளில் இருக்கும். நவம்பரில் நீர் குளிர்ந்து மேலும் கீழும் கலந்த பிறகு அதே மீன்கள் பள்ளத்துக்கு இறங்கி, முப்பது, நாற்பது, அறுபது அடியில் நெருக்கமாக அடைந்து கிடக்கும். ஒரே மீன், ஒரே ஆறு. ஆனால் கோடை முகவரி வேறு, குளிர்கால முகவரி வேறு.

● நீர் ஓடாத நேரத்தில் பெர்ச் வாயைத் திறப்பது குறைவு. ஓதம் ஏறும்போதோ வடியும்போதோ ஓட்டம் இரையை அடித்துக்கொண்டு வரும். பெர்ச் ஓட்டத்தை எதிர்த்து நிற்காது. தூணுக்கோ கல்லுக்கோ பின்னால், ஓட்டம் உடைந்து நீர் சுழலும் நிழலில் நின்றுகொண்டு, கடந்துபோகும் இறாலை எட்டிப் பிடிக்கும். ஓதம் திரும்பினால் அது தூணின் மறுபக்கத்துக்குப் போய்விடும். காலையில் மீன் கொட்டிய இடம் மதியம் வெறிச்சோடினால் மீன் போய்விட்டது என்று பொருளல்ல. பத்தடி தள்ளி, தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

● கடல்வாயில் நுழையும் ஓதம் செசபீக்கின் தலைப்பகுதியை அடைய ஏறக்குறைய அரை நாள் ஆகும். தெற்கே வடியத் தொடங்கும்போது வடக்கே இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. நீர்மட்டம் உச்சம் தொடும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றல்ல என்பதையும் புதிதாக வருகிறவர்கள் கவனிப்பதில்லை. அட்டவணையில் நீர்மட்டத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினால் ஏமாற்றம்தான். ஓட்டத்துக்குத் தனி அட்டவணை உண்டு; பெர்ச்சுக்கு வேண்டியது அதுதான்.

● செசபீக்கில் நிலவைவிடக் காற்று வலிமையானதாகிவிடும் நாட்களும் உண்டு. மேல் பகுதியில் ஓதத்தின் ஏற்ற இறக்கமே ஓரிரு அடிதான். வடமேற்குக் காற்று ஒரு நாள் முழுக்க வீசினால் நீரைக் கடல்பக்கம் தள்ளிவிடும். அட்டவணைப்படி ஏற்றம் என்று எழுதியிருக்கும் நேரத்தில் துறையடியில் சேறு தெரியும்.

● மார்ச், ஏப்ரல் மாதங்களில் நீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸுக்குள் வரும்போது ஒயிட் பெர்ச் ஆறேறுகிறது. மஞ்சள் பெர்ச் அதற்கு முன்பே, பிப்ரவரி கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். ஒயிட் பெர்ச்சுக்குப் பின்னால் ஷாட் மீன். ஷாட் வரும் நாளில் பூப்பதால் ஒரு சிறு மரத்துக்கு "ஷாட்புஷ்" என்றே பெயர். கரையில் பூ, ஆற்றில் மீன். இப்படி ஒன்றை வைத்து இன்னொன்றை அறியும் ஞானம் எல்லா நதிக்கரைக்கும் பொது.

● பெரிய பெர்ச்சுக்காகப் படகு வேண்டும் என்பதில்லை. வசந்தத்தில் அவையே கரைக்கு வருகின்றன. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்குள்ளேயே, பொட்டோமாக் ஆற்றின் ஃப்ளெட்சர்ஸ் கோவ் என்ற துறையில், பாறை மேல் நின்றுகொண்டு பிடிக்கலாம். ஓதம் எட்டும் எல்லை அங்கே முடிவுக்கு வருகிறது. அதற்கு மேல் லிட்டில் ஃபால்ஸ் அருவி வழியை மறிப்பதால் ஆறேறிய மீன்கள் அந்தச் சுற்றில் குவிகின்றன. மேரிலாந்தின் சாப்டேங்க் ஆற்றின் மேல்பகுதி, அதன் கிளையான டக்கஹோ ஓடை, சஸ்குவஹானாவில் கோனவிங்கோ அணைக்குக் கீழ்ப்பகுதி எல்லாம் இதே காரணத்தால் பேர் பெற்றவை. எங்கே ஓதம் முடிகிறதோ, எங்கே தடுப்பு இருக்கிறதோ, அங்கே மீன் நிற்கும்.

● ஒரு பெண் பெர்ச் இடும் முட்டைகள் பல்லாயிரம். உடம்பு பெரிதாகப் பெரிதாக இலட்சத்தைத் தாண்டும். முட்டைகள் ஒட்டும் தன்மையுள்ளவை. கல், செடி, குச்சி எதன் மேல் விழுகிறதோ அங்கே பற்றிக்கொள்ளும். நீரின் சூட்டைப் பொறுத்துச் சில நாட்களில் பொரிந்துவிடும். குஞ்சுகள் ஓட்டத்தோடு இறங்கி, நன்னீரும் உப்பு நீரும் முட்டிக்கொள்ளும் கலங்கலான பகுதியை அடைகின்றன. பார்ப்பதற்கு அழுக்கு நீர். அந்தக் கலங்கலில்தான் நுண்ணிய மிதவை உயிர்கள் நெருக்கமாக இருக்கின்றன. குஞ்சுக்கு அதுதான் தொட்டில்.

மேரிலாந்தில் 1954 முதல் ஆண்டுதோறும் கரைவலை இழுத்துக் குஞ்சு மீன்களை எண்ணி வருகிறார்கள். ஸ்ட்ரைப்ட் பாஸுக்காகத் தொடங்கிய கணக்கு என்றாலும் பெர்ச் குஞ்சும் அதில் எண்ணப்படுகிறது. குளிர்ந்த, மழை நிறைந்த வசந்தங்களில் குஞ்சுகள் பெருகுகின்றன. அப்படி ஒரு நல்ல வசந்தத்தின் பலன் பெரிய பெர்ச்சாகத் தூண்டிலில் ஏற பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

● கருவிகள் எளிமையானவை. இலேசான தடி, நான்கு முதல் ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு, சின்ன முள். பெர்ச்சின் வாய் சிறியது. பெரிய முள்ளைப் போட்டால் இரையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடும். நரம்பின் நுனியில் ஈயக்குண்டு, அதற்கு மேலே இரண்டு கிளையில் இரண்டு முள் என்பது பாட்டன் காலத்து முறை. பிளட்வார்ம் எனப்படும் கடற்புழு, புல்லிடை இறால், தோலுரிக்கும் நிலையிலுள்ள நண்டின் துண்டு, எதுவும் கிடைக்காவிட்டால் மண்புழு.

● இரையின் அளவு மீனின் அளவைத் தீர்மானிக்கிறதா? ஓரளவுக்கு ஆம். சின்ன பெர்ச் புழுவிலும் பூச்சிக் கூட்டுப்புழுவிலும் காலம் தள்ளும். வளர வளர மீன் தின்னத் தொடங்கும்; பே ஆங்கோவி என்ற நெத்திலி இனமும் சில்வர்சைடும் அதற்குப் பிடித்தவை. அதனால் கோடையில் இரண்டரை அங்குல ரப்பர் மீனோ சுழலும் தகடு வைத்த செயற்கை இரையோ போட்டால் குட்டிகளின் தொல்லை குறையும். சிப்பித் திட்டின் மேல் அதை மெதுவாக, அடியை ஒட்டியே இழுக்க வேண்டும். பெரிய பெர்ச் இரண்டடி மேலே எழும்பி வந்து கவ்வுவது எப்போதாவதுதான். அடியைத் தொடாத இரை வீண் என்றே வைத்துக்கொள்ளலாம்.

● குளிர்காலத்தில் நிலைமை தலைகீழ். செசபீக்கின் குறுக்கே 1952-இல் திறக்கப்பட்ட பே பிரிட்ஜ் பாலத்தின் தூண்களடியில் பெர்ச் நெருக்கியடித்து நிற்கும். ஆனால் குளிரில் அவற்றுக்கு அசையவே மனம் வராது. சின்ன உலோக இரையை நேராகக் கீழே இறக்கி, ஒரு சாண் தூக்கி, அப்படியே விட்டு, கையில் உணர்வு மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கவ்வும்போது வெட்டு இருக்காது. நரம்பு கொஞ்சம் கனத்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான்.

ஆழத்திலிருந்து ஏறும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை. நாற்பது, ஐம்பது அடியிலிருந்து சட்டென்று மேலே இழுத்தால் அழுத்தம் குறைந்து அதன் காற்றுப்பை ஊதிவிடும். இரைப்பை வாய்வழியே பிதுங்கும். அப்படிப்பட்ட மீனைத் திரும்ப விட்டாலும் அது கீழே போக முடியாமல் மிதந்து சாகும். "பெரியதை மட்டும் வைத்துக்கொள்கிறேன், மற்றதை விட்டுவிடுகிறேன்" என்று ஆழத்தில் நாள் முழுக்கப் பொறுக்குவது அந்த மற்ற மீன்களைக் கொல்வதற்குச் சமம். வேண்டிய அளவு சேர்ந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவதே முறை.

● இதே மீன் வேறு இடத்தில் வேண்டாத விருந்தாளி. கால்வாய்கள் வழியாக ஹட்சன் பக்கமிருந்து பேரேரிகளுக்குள் நுழைந்து, 1953-இல் ஈரி ஏரியில் காணப்பட்டது. அங்கே வால்ஐ முதலிய மீன்களின் முட்டைகளைத் தின்று தீர்க்கிறது. ஒயிட் பாஸ் மீனோடு கலந்து கலப்பினமும் உண்டாக்கியது. ஓதமில்லாத சிறு குளங்களில் சிக்கினால் எண்ணிக்கை பெருகிப் பெருகி, எல்லாமே கையளவுக் குட்டிகளாகவே நின்றுவிடும்.

● தின்னும் முன் ஆற்றின் பெயரைக் கேட்க வேண்டும். செசபீக்கின் கிளையாறுகள் சிலவற்றில், குறிப்பாகப் பால்டிமோர் பக்கம், பிசிபி என்ற பழைய தொழிற்சாலை ரசாயனம் அடிச்சேற்றில் தங்கிவிட்டது. அது மீனின் கொழுப்பில் சேரும். வயதான மீனில் அதிகம். எந்த ஆற்று மீனை மாதத்துக்கு எத்தனை முறை உண்ணலாம் என்று மேரிலாந்து அரசு பட்டியல் வெளியிடுகிறது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீட்டில் அதைப் பார்க்காமல் சட்டி ஏற்றக்கூடாது.

● சுத்தமான ஆற்று மீன் என்றால் முழுதாகப் பொரிப்பதே கரைக்காரர்கள் வழக்கம். செதிள் சீவி, இரு பக்கமும் நெருக்கமாகக் கீறி, சோளமாவில் புரட்டி, காய்ந்த எண்ணெயில் போடுவார்கள். மேலே தூவுவது "ஓல்டு பே" பொடி. நாஜிகளிடமிருந்து தப்பிப் பால்டிமோரில் குடியேறிய குஸ்டாவ் ப்ரூன் என்ற ஜெர்மானிய யூத வணிகர் உருவாக்கியது அது. மிளகும் கடுகும் மிளகாயும் அதில் உண்டு என்பதால் நம் நாக்குக்கு அந்நியமாகத் தெரியாது.

● பொரித்த தலையைச் சாப்பிடும்போது பல்லில் தட்டுப்படும் வெள்ளைக் கல்லைத் துப்பிவிடாதீர்கள். கத்தாழை மீனின் தலையில் நாம் பார்க்கும் அதே செவிக்கல்தான், அளவில் சிறியது. மரத்தின் வெட்டுமுகத்தில் இருப்பதுபோல் ஆண்டுக்கு ஒரு வளையம் அதில் விழும். மீன்வள ஆய்வாளர்கள் அதைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் வைத்து வயதை எண்ணுகிறார்கள். பன்னிரண்டு அங்குல பெர்ச் ஒன்று தட்டில் இருந்தால், அது எத்தனை முறை ஆறேறியிருக்கும் என்ற கணக்கு அந்தக் கல்லுக்குள் இருக்கிறது.